பசியை அளக்கும் பயிர்

கல்லணைக் கால்வாயின் பாசனப் பரப்பு கடலைத் தொடும் மூலைகளில் அதிராம்பட்டினம் ஒன்று. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். நிலத்தடியிலோ பாக் நீரிணையின் உப்பு. இப்படிப்பட்ட வயலில் நட்ட மூன்றாவது வாரம் நெல் மஞ்சளித்தால், வரப்பில் நிற்பவர் மனத்தில் முதலில் வருவது யூரியா மூட்டைதான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. போட்ட சில நாளில் பயிர் பச்சை பிடிக்கிறது. இதைவிடக் கண்கூடான சான்று வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டும் என்பதே என் வாதம். தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, இலையில் சர்க்கரை எவ்வளவு, வேரடியில் உப்பு எவ்வளவு என்று பயிர் தனித்தனியே அளக்கிறது. அத்தனையையும் சேர்த்துப் பார்த்து அது எடுக்கும் முடிவே நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. அந்த முடிவைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கேட்காமல் ஒரே சத்தைக் கொட்டினால் பணமும் போகும், மண்ணும் கெடும், சில வேளை விளைச்சலும் குறையும்.

பயிர் அளக்கிறது என்று சொன்னால் அதற்கு ஆதாரம் வேண்டும். சத்து கிடைத்தால் வளர்கிறது, கிடைக்காவிட்டால் வாடுகிறது, இதில் அளவை எங்கே வந்தது என்ற கேள்வி நியாயமானது. இதற்கான விடை முதலில் தெளிவாகக் கிடைத்தது நைட்ரேட்டில். நைட்ரேட் படாமல் வளர்த்த நாற்றின் வேரில் சிறிதளவு நைட்ரேட்டை விட்டால், சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அது உணவாக மாறியதால் வந்த விளைவாக இருக்குமோ என்று ஐயப்படலாம். நைட்ரேட்டை உணவாக மாற்றும் முதல் நொதியையே இழந்த செடிகளிலும் சோதித்தார்கள். அவற்றிலும் அந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அந்தச் செடிகளால் நைட்ரேட்டை உண்ண முடியாது, ஆனால் நைட்ரேட் வந்திருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரிகிறது. உணவு வேறு, உணவு வந்த செய்தி வேறு என்பது இதில் நிலைநாட்டப்பட்டது.

அந்தச் செய்தியை வாங்குவது எது? வேர்ச் செல்லின் சவ்வில் என்ஆர்டி1.1 என்றொரு புரதம் இருக்கிறது. நைட்ரேட்டை உள்ளே கடத்துவது அதன் வேலை என்று 1993இல் தெரிந்தது. 2009இல் தைவானின் யி-ஃபாங் ட்சாய் குழு அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்று காட்டியது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய ஒரு பிறழ்வுச் செடியில் இந்தப் புரதத்தால் நைட்ரேட்டை உள்ளே கொண்டுவர முடியவில்லை. ஆனால் நைட்ரேட்டுக்கு உரிய மரபணு எதிர்வினை மட்டும் அப்படியே நடந்தது. கடத்தும் வேலையும் உணரும் வேலையும் ஒரே புரதத்தில் இருந்தாலும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடிகிறது. மண்ணில் நைட்ரேட் குறைந்தால் இந்தப் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. உடனே அது சொற்ப அளவையும் விடாமல் பிடிக்கும் நிலைக்கு மாறுகிறது. நிறைய இருந்தால் அந்தப் பாஸ்பேட் கழன்று, தாராளமாக வாங்கும் நிலைக்குத் திரும்புகிறது. 2022இல் என்எல்பி7 என்ற இன்னொரு புரதமும் நைட்ரேட்டை நேரடியாகப் பிடித்து, அப்படிப் பிடித்ததும் மரபணுக்களை இயக்குவதாகத் தெரியவந்தது. ஆக, வெளியே உள்ளதைச் சவ்விலும், உள்ளே வந்து சேர்ந்ததைச் செல்லுக்குள்ளும், இரண்டு இடத்தில் பயிர் அளக்கிறது. 'அளக்கிறது', 'முடிவெடுக்கிறது' என்று மனிதருக்கு உரிய வினைகளைச் செடிக்கு ஏற்றிச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். மனம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவுக்கு ஏற்ப நடத்தை மாறுகிறது, அளவை எடுக்கும் உறுப்பைக் கெடுத்தால் நடத்தையும் கெடுகிறது. அளவை என்பதற்கு இதற்கு மேல் வேறு பொருள் கிடையாது.

ஒரு செல்லின் கதை இது. முழுப் பயிரின் கதை இன்னும் வியப்பானது. ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தழைச்சத்து உள்ள ஊடகத்திலும் மறு பாதியைச் சத்தே இல்லாத ஊடகத்திலும் வைத்து வளர்ப்பது பழைய சோதனை முறை. பட்டினிப் பக்கத்து வேர் காய்கிறது, ஆனால் சத்துள்ள பக்கத்து வேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகிறது. தனக்குக் குறையே இல்லாத வேருக்கு இந்த அவசரம் எப்படி வந்தது? ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மட்சுபயாஷி குழு 2014 முதல் இதைப் படிப்படியாக அவிழ்த்தது. பட்டினி கிடக்கும் வேர் சிஇபி என்ற சிறு புரதத்துண்டைச் சுரந்து, மேலே ஏறும் நீரோடு இலைக்கு அனுப்புகிறது. இலையில் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. செய்தி கிடைத்ததும் இலை வேறொரு சிறு புரதத்தை எல்லா வேருக்கும் கீழே இறக்குகிறது. அது போய்ச் சேர்ந்தாலும், நைட்ரேட் உள்ள இடத்து வேரில்தான் உறிஞ்சும் புரதங்கள் பெருகுகின்றன. காய்ந்த பக்கத்தில் வீண் செலவு இல்லை. வயல் முழுவதும் சத்து ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு குத்தின் வேர் படரும் சாண் அகலத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. அந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கப் பயிரிடம் வேரிலிருந்து இலைக்கும் இலையிலிருந்து வேருக்கும் ஓடும் தபால் ஒன்று இருக்கிறது.

நெல்வயலுக்கு வருவோம். தண்ணீர் கட்டிய சேற்றில் நைட்ரேட் நிலைப்பதில்லை. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வெளியேற்றிவிடும். அங்கே நெல்லுக்குக் கிடைக்கும் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியம். அம்மோனியத்துக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. அது செல்லுக்குள் குவிந்தால் நஞ்சு. அதனால் வேர் அதை எச்சரிக்கையோடுதான் வாங்குகிறது. அம்மோனியம் கடத்தும் புரதம் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு தொகுதியாக இயங்குகிறது. வெளியே அம்மோனியம் மிகுந்தால் அந்த மூன்றில் ஒன்றின் வால்பகுதியில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது, மூன்று வழியும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. 2007லும் 2009லும் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இது நிறுவப்பட்டது. நட்ட வயலில் அடியுரமாக மொத்த யூரியாவையும் போடும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிடுங்கி நட்ட நாற்றின் வேர் அறுந்திருக்கிறது. அது தெளிய ஒரு வாரம் ஆகும். யூரியாவோ சில நாளிலேயே அம்மோனியமாகிவிடும். இலையை மடித்துவிட்டு எழுந்தவருக்கு மேலும் மேலும் பரிமாறுகிற பந்தி அது. பகலில் பாசி வளரும் வயல்நீரின் காரத்தன்மை ஏறும்போது அம்மோனியா ஆவியாகப் போகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறிக் காற்றில் கரைகிறது. நெல்வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம் என்ற கணக்கு நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. 2015இல் வேம்பு பூசிய யூரியா கட்டாயமானது இந்த இழப்பைக் குறைக்கத்தான். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைப் பூச்சு தாமதப்படுத்தும். வேர் வாங்கத் தயாராக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

தழைச்சத்தோடு கணக்கு முடிவதில்லை. மணிச்சத்தை அளக்க எஸ்பிஎக்ஸ் என்ற புரதங்கள் இருக்கின்றன. செல்லில் பாஸ்பேட் போதுமான அளவு இருக்கும்போது இனோசிட்டால் பைரோபாஸ்பேட் என்ற ஒரு மூலக்கூறு பெருகும். அது எஸ்பிஎக்ஸை, பட்டினி மரபணுக்களை எழுப்பும் பிஎச்ஆர் என்ற புரதத்தோடு ஒட்டவைத்து அதை முடக்கும். பாஸ்பேட் குறைந்தால் ஒட்டு விடும், பிஎச்ஆர் விடுபட்டு வேரை நீட்டச் சொல்லும், பாஸ்பேட்டைத் தேடச் சொல்லும். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்ப்பதாக 2019இல் நெல்லிலேயே காட்டினார்கள்: நைட்ரேட்டை உணரும் என்ஆர்டி1.1பி என்ற புரதம், நைட்ரேட் வந்ததும் எஸ்பிஎக்ஸ்4 புரதத்தைச் சிதைக்க வைக்கிறது; உடனே தழைச்சத்து, மணிச்சத்து இரண்டுக்குமான மரபணுக்கள் சேர்ந்து எழுகின்றன. தழைச்சத்து வரும்போது மணிச்சத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது பயிரின் உள்ளேயே எழுதப்பட்ட விகிதம். இதற்கு மேல் டோர் என்ற நொதி இருக்கிறது. ஈஸ்டிலிருந்து மனிதர் வரை எல்லா உயிரிலும் வளரலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் நொதி அது. இலையிலிருந்து சர்க்கரை வந்து சேர்ந்தால்தான் வேர் நுனியில் டோர் விழிக்கிறது என்று 2013இல் தெரிந்தது. சர்க்கரை குறையும்போது அதற்கு எதிர்த்திசையில் இயங்கும் எஸ்என்ஆர்கே1 வளர்ச்சியை நிறுத்தி இருப்பைக் காக்கிறது. வெயில்தான் சர்க்கரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்காக வெயில் படாத சம்பாவுக்கு மேலுரம் போட்டால் தழைச்சத்து உள்ளே போகும், வளர்ச்சியாக மாறாது. கரைந்த அமினோ அமிலங்களாக இலையில் தங்கும். குலைநோய்ப் பூஞ்சைக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் அதைவிட நல்ல விருந்து கிடையாது. மேகமூட்டத்தில் யூரியா போடாதே என்று முதியவர்கள் சொல்வதன் உள்காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பயிர் இவ்வளவு நுட்பமாக அளக்கும் என்றால், யூரியா அதிகம் போட்ட வயலில் பயிர் ஏன் மிதமிஞ்சி வளர்ந்து சாய்கிறது? ஏன் தானே நிறுத்திக்கொள்ளவில்லை? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதல் பதில்: கட்டுப்பாட்டு வழி மூடினாலும், மிகுந்த செறிவில் மட்டும் திறக்கும் வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. இந்த ஏற்பாடு முழுவதும் பஞ்சத்தில் உருவானது. காட்டுப் புல் எதற்கும் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா ஒரே நாளில் கிடைத்ததில்லை. கிடைத்ததைப் பதுக்குவதற்கான திறமை அதற்கு உண்டு, மிதமிஞ்சியதை மறுக்கும் திறமை குறைவு. இரண்டாவது பதில் நம் கையால் நடந்தது. 1966இல் வந்த ஐ.ஆர்.8, இந்தோனேசியாவின் பேட்டா இரகத்தையும் தைவானின் குட்டை நெல்லையும் சேர்த்து உருவானது. அந்தக் குட்டைக்குக் காரணம், ஜிப்பெரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு பழுதானது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். ஊக்கி குறைந்தால் டெல்லா என்ற புரதம் குவிந்து தண்டை நீளவிடாது. உரம் கொட்டினாலும் பயிர் எளிதில் சாயாது. தஞ்சாவூரில் குறுவைக்கு நட்ட இரகங்களில் பல அந்தக் குட்டை வம்சத்தில் வந்தவை. ஆனால் குவிந்த டெல்லா இன்னொன்றும் செய்கிறது என்று 2018இல் சீனாவின் ஷியாங்தோங் ஃபூ குழு காட்டியது: தழைச்சத்தைக் கண்டு வளர்ச்சியைக் கூட்டும் ஜிஆர்எஃப்4 என்ற புரதத்தை அது அமுக்குகிறது. சாயாமல் நிற்கிற அதே குணத்தால் பயிரின் தழைச்சத்து உணர்வு மழுங்கியது. அதே விளைச்சலுக்குக் கூடுதல் உரம் கேட்கும் பயிரை நாமே தேர்ந்தெடுத்தோம். பசுமைப்புரட்சி பஞ்சத்தைத் தடுத்தது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது; அதற்குக் கொடுத்த விலையில் இது ஒரு பங்கு என்று தெரிந்துகொள்வதும் அந்தச் சாதனைக்குச் செய்யும் மரியாதையே.

ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்ந்த அராபிடாப்சிஸ் களையை வைத்து வயல்நெல்லுக்குப் பாடம் சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அடிப்படைப் புரதங்கள் இரண்டிலும் ஒரே குடும்பம். அதைவிட, நெல்லிலேயே கிடைத்த சான்றுகள் போதும். காசலத் என்பது நம் நாட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பழைய இரகம். மணிச்சத்து இல்லாத மண்ணில் அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணமான மரபணுவைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேடி, 2012இல் பிஸ்டால்1 என்று பெயரிட்டார்கள். இளம்பருவத்திலேயே வேரைப் பெருக்கிப் பாஸ்பேட்டைத் தேட வைப்பது அதன் வேலை. மரபணு வரிசை முதலில் முழுமையாகப் படிக்கப்பட்ட ஜப்பானிய நெல்லில் அது அடியோடு இல்லை. நல்ல மண்ணில் வளர்க்கப்பட்ட நெல்லுக்கு அது தேவைப்படவில்லை, ஏழை மண்ணில் விளைந்த நெல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. மேலே சொன்ன என்ஆர்டி1.1பி புரதத்திலும் இண்டிகா நெல்லுக்கும் ஜப்பானிகா நெல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நைட்ரேட்டை நன்றாக எடுப்பது இண்டிகா வடிவம் என்று 2015இல் தெரிந்தது. நம் வயலில் நிற்பது இண்டிகா.

இப்போது அந்த மஞ்சள் பயிரின் பக்கத்தில் குனிந்து ஒரு குத்தை விரித்துப் பார்க்கலாம். தழைச்சத்துக் குறை என்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் நுனியிலிருந்து மஞ்சளிக்கும். பயிர் பழைய இலையின் புரதத்தைப் பிரித்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடுவதால் குருத்து பச்சையாகவே இருக்கும். புதிய இலை வெளிறியிருந்து முதிர்ந்த இலை பச்சையாக இருந்தால் கந்தகம் அல்லது இரும்பை நினைக்க வேண்டும். அவற்றைப் பயிரால் இலைக்கு இலை மாற்ற முடிவதில்லை. இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புத் திட்டுகள் இருந்தால் அது துத்தநாகக் குறை. 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே, தராய்ப் பகுதி நெல்லைத் தாக்கிய கைரா நோய்க்குக் கிருமி காரணமில்லை, துத்தநாகமின்மையே காரணம் என்று நிறுவினார். தண்ணீர் தேங்கிய மண்ணிலும் காரத்தன்மை மிகுந்த மண்ணிலும் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகிறது. கடைமடையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மணிச்சத்துக் குறையோ கண்ணை ஏமாற்றும்: பயிர் மஞ்சளிக்காது, கரும்பச்சையாகக் குட்டையாக நிற்கும், தூர் மட்டும் கட்டாது. கரும்பச்சையைப் பார்த்து மனம் நிறைந்தவருக்கு அறுவடையில்தான் கணக்குத் தெரியும். உப்பின் அடையாளம் இன்னொன்று: முதிர்ந்த இலையின் நுனி வெளுத்துக் காய்ந்து சுருளும். சோடியம் பொட்டாசியத்தைப் போன்றே வேரில் நுழையப் பார்ப்பதால், சாம்பல்சத்து மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது. மேற்கு வங்கத்தின் நோனா போக்ரா நெல், மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப உருவிக்கொண்டு இலையைக் காக்கும் ஒரு புரதத்தால் தப்பிக்கிறது என்று 2005இல் கண்டார்கள். இந்தக் காரணங்களில் எது நேர்ந்தாலும் யூரியா போட்டால் கொஞ்சம் பச்சை கூடத்தான் செய்யும். நோய் தீர்ந்ததாக நினைத்துக்கொள்வோம். உப்பு ஏறிய வயலில் அந்த யூரியா வேரடியில் உப்புச்சுமையைத்தான் கூட்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டை இந்த இடத்தில் நல்ல கருவி. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உடலால் நிழல் கொடுத்து, அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலை 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு எல்லை 3. நாளைப் பார்த்துப் போடுவதைவிடப் பயிரைப் பார்த்துப் போடுவது நூறு மடங்கு மேல். விவசாயியின் கண்ணே போதும், அட்டை எதற்கு என்பார்கள். கண் பழகியவருக்கும் காலை வெயிலும் மாலை வெயிலும் நிறத்தை மாற்றிக் காட்டும், அட்டை அப்படிக் காட்டாது. ஆனால் அட்டை தழைச்சத்தை மட்டுமே கேட்கும். துத்தநாகமும் உப்பும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் அதன் பதிலை நம்பலாம். அதனால் கடைமடைக்கு மண் பரிசோதனையும் நீர் பரிசோதனையும் அட்டைக்கு முன்பே வர வேண்டும், தேவைப்பட்டால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் யூரியாவுக்கு முன்பே போக வேண்டும். சொல்வது எளிது, மலிவு எது என்று பார்த்துத்தான் யாரும் உரம் வாங்குவார்கள் என்ற மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் வெளியே வைத்து அதன் விலையைக் கட்டிப்போட்டார்கள். டிஏபியும் பொட்டாஷும் ஏறின. விகிதம் கேட்கும் பயிருக்கு முன்னால், ஒற்றைச் சத்தை மட்டும் மலிவாக்கி வைத்திருப்பது அரசின் விலைப்பட்டியல். அதற்கு விவசாயியைக் குறைசொல்வதில் நியாயமே இல்லை.

ஆராய்ச்சியிலும் ஒரு சாய்வு இருக்கிறது. இதுவரை சொன்ன உணர்விகளில் மிக ஆழமாக அறியப்பட்டது நைட்ரேட்டுக்கு உரியது. அறியப்பட்டது பெரும்பாலும் காய்ந்த நிலத்துக் களை ஒன்றில். டெல்டாவின் நெல்லோ சேற்றில் அம்மோனியத்தை உண்டு வாழ்கிறது. அம்மோனியம் வந்ததை நெல் எந்தப் புரதத்தால் உணர்கிறது, அந்தச் செய்தி உப்புள்ள வேரில் எப்படிக் குழம்புகிறது என்ற கேள்விகளுக்கு நைட்ரேட் அளவுக்குத் தெளிவான விடை இன்னும் எழுதப்படவில்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டைக் கடந்துவிட்டது. உப்பைத் தாங்கும் திருச்சி இரகங்களும், இந்தக் கரையோரம் ஒருகாலத்தில் நட்ட பழைய நெல்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றை ஒரே சேற்றில், ஒரே உப்பில், அம்மோனியத்தின் அளவை மட்டும் மாற்றி மாற்றி வளர்த்து, எந்த இரகம் எந்த அளவில் வாங்குவதை நிறுத்துகிறது என்று பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் சோதனை அல்ல. நைட்ரேட்டுக்கு அந்த வேலையைத் தைவானிலும் நகோயாவிலும் செய்தார்கள். சேற்று அம்மோனியத்துக்கு அதைச் செய்யப் பொருத்தமான இடம் ராஜாமடத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே ஏதோ ஒரு கடைமடை வயல்தான்.